விதோமிரின் கீழ்ப்பல்

சனிக்கிழமை டிரம்பெட் போட்டி. வியாழக்கிழமை காலையில் விதோமிரின் கீழ்வரிசை முன்பல் அவர் உயிரை எடுத்தது. ஊர் டிரம்பெட் குழுவில் முதல் டிரம்பெட் அவர்தான். அவர் ஊதாவிட்டால் மற்ற பதினொரு பேரும் வீட்டில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான். இருபது வருஷமாகக் கைநழுவிய முதல் பரிசு இந்த முறை நிச்சயம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

பல்வலி என்றால் எங்கள் பக்கத்து ஆண்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வலி தொடங்கிய மூன்று நாளாகப் பிளம் சாராயத்தை வாயில் அதக்கிக்கொண்டு திரிந்தார். ஈறு வெந்து வெளுத்ததுதான் மிச்சம்.

"பல்லை ஊறுகாய் போட்டிருக்கீங்களே அண்ணே," என்றாள் ஊர்ப் பல் டாக்டர் ஸ்லாவித்சா.

"பிடுங்கிடும்மா. பத்து நிமிஷ வேலை."

அவள் எக்ஸ்ரே படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"டிரம்பெட் எங்க அழுத்தும்?"

அவர் விரல் வைத்துக் காட்டினார். அதே பல்.

"இதைப் பிடுங்கினா உதட்டுக்குப் பிடிமானம் போயிடும். அப்புறம் வெறும் காத்துதான் வரும்." படத்தைக் கீழே வைத்தாள். "நாலு வருஷம் முன்னாடி இதுல வேர் சிகிச்சை பண்ணது நான்தான். உள்ள ரெண்டு குழாய் இருந்திருக்கு. நான் ஒண்ணைத்தான் பார்த்தேன். விட்டுப்போனது இப்ப சீழ் பிடிச்சிருக்கு. சொத்தை, அடைப்புன்னா நான் பார்ப்பேன். இது என் கைக்கு மிஞ்சினது. சாச்சாக் டவுன்ல வேர் சிகிச்சை மட்டுமே பண்றவர் இருக்கார், மைக்ரோஸ்கோப்பெல்லாம் வெச்சிருக்கார். உடனே போங்க."

"கெடுத்ததும் நீ, தள்ளிவிடறதும் நீ. இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அவர் மனைவி தேசாங்கா கார் சாவியை எடுத்துக்கொண்டாள். "தப்பை ஒத்துக்கிட்ட டாக்டரை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். வாயை மூடிட்டு ஏறுங்க."

மலைப்பாதையில் வழியை மறித்த டிராக்டர்காரனைத் தேசாங்கா திட்டிய திட்டில் விதோமிருக்கு பாதி வலி மறந்துபோனது. ஸ்லாவித்சா முன்கூட்டியே பேசிவைத்திருந்ததால் சாச்சாக்கில் டாக்டர் ஒப்ராத் தயாராகக் காத்திருந்தார். ஊசி போட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, ஒன்றரை மணி நேரம் குடைந்தார்.

"ரெண்டாவது குழாய் அகப்பட்டுடுச்சு," என்றார் கடைசியில். "சுத்தம் பண்ணி மருந்து வெச்சிருக்கேன். பத்து நாள்ல வாங்க, நிரந்தரமா அடைச்சிடலாம். சனிக்கிழமை லேசா வலிக்கும், ஆனா ஊதலாம். சாராயம் மட்டும் படக் கூடாது."

விதோமிருக்குப் பொறுக்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த டிரம்பெட்டைப் படிக்கட்டிலேயே எடுத்து ஊதினார். புஸ்ஸென்று காற்று வந்தது. எச்சில் சட்டையில் வழிந்தது. இன்னொரு முறை ஊதினார், அதே புஸ்தான்.

"மரத்துப்போன உதட்டை வெச்சுக்கிட்டு என்ன அவசரம்?" என்றாள் தேசாங்கா.

வழியெல்லாம் உதட்டைக் கிள்ளிக்கொண்டே வந்தார். ஊர் எல்லையில் சுருக்கென்றது. இன்னொரு தடவை கிள்ளினார். நன்றாகவே வலித்தது. சந்தோஷத்தில் மனைவியின் தோளில் அடித்தார்.

"ஸ்லாவித்சா ஜன்னலுக்குக் கீழ நிறுத்துடி."

இறங்கி நின்று ஊதினார். தெருமுனை வரை அதிர்ந்தது. காத்திருந்த நோயாளிகள் வீங்கிய கன்னத்தோடு வெளியே வந்து, கைகோத்து வட்ட ஆட்டமே போட்டார்கள். ஸ்லாவித்சா ஜன்னலைத் திறந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னீங்களே அண்ணே?"

"மிதிக்கலையே. தெருவுலதானே நிக்கிறேன்." டிரம்பெட்டை இறக்கினார். "இந்த ஒரு பல்லுதான் அந்த சாச்சாக் டாக்டருக்கு. மத்த முப்பத்தொண்ணும் உனக்குத்தாம்மா."