கொலைகாரியின் கொள்ளுப்பேத்தி

1983 அக்டோபர் 11, செவ்வாய். இன்று ஒரு சிறிய தவறு தெரியவந்தது. எலைஜா தர்லோவின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு, தந்தையின் பெயர் இருந்த கட்டத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். தந்தை ஜோனஸ் அல்ல, ரூபன்.

எழுதி முடித்ததும் ரோட்னி பாஸ்க் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தான். பிறகு 'சிறிய' என்ற சொல்லை மட்டும் அடித்தான்.

ஆல்டர்ஹாமில் கெசையா தர்லோவைத் தெரியாதவர் கிடையாது. 1853-ல் புருஷன் ஜோனஸுக்கு மாவுக் கொழுக்கட்டைக்குள் எலிப் பாஷாணம் வைத்துக் கொடுத்து, அந்த வருஷமே தூக்கில் தொங்கியவள். ஊர் பெயர் சொல்ல அவளை விட்டால் வேறு யாரும் அங்கே பிறக்கவில்லை. அதனால் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை அவளுக்கு ஊர்வலம். கறுப்புத் தொப்பி போட்ட ஒரு கெசையா குதிரை வண்டியில் தூக்குமேடைக்குப் போவாள். பின்னால் பேண்டு வாத்தியம் போகும். பேக்கரிக்காரர் அன்றைக்கு மட்டும் கொழுக்கட்டை விற்பார், எல்லாமே தீர்ந்துபோகும்.

இருபத்தாறு வயது ரோட்னிக்குப் பகலில் இரும்புச் சாமான் கடையில் வேலை. வியாழக்கிழமை மாலைகளில் நூலக மாடியில் உள்ளூர் வரலாற்று வகுப்பு. வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரரின் வம்சத்தைத் தேடி எழுத வேண்டும் என்றார்கள். அவனுக்குப் பக்கத்து நாற்காலி திருமதி பெரில் ஸ்டானர்ட்: அறுபத்துமூன்று வயது விதவை, கம்பளி நூல் கடை வைத்திருப்பவர். வகுப்பில் அவனோடு பேசுகிற ஒரே ஆளும் அவர்தான். அவருடைய தாத்தா எலைஜா தர்லோ. எலைஜாவின் தாய் பெயர் கெசையா தர்லோ என்று பதிவேட்டில் பார்த்ததும் ரோட்னி அதை அப்படியே குறித்துக்கொண்டான். அந்த அவசரத்தில் அடுத்த கட்டத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் வகுப்பில் அந்த வம்ச மரத்தை மாட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

முப்பது வருஷமாக அந்த ஊரில் திருமதி ஸ்டானர்ட்டை 'நூல் கடை அம்மா' என்பார்கள். பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது கசாப்புக் கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து விசாரிக்கிறார். பாதிரியார் அவர் நீட்டிய தேநீர்க் கோப்பையைப் பார்த்து, முதலில் நீங்கள் குடியுங்கள் என்று சிரிக்கிறார். இந்த வருஷ வண்டியில் உட்காரப் போவதும் அவர்தான். தூக்குக் கயிற்றுக்கு ரோட்னியின் கடையிலேயே மூன்று கஜம் சணல் கயிறு வாங்கினார், உறுத்தாததாகப் பார்த்து.

இதையெல்லாம் பிடுங்கிக்கொள்ள வேண்டிய வேலை ரோட்னியுடையது. சனிக்கிழமைக்குள்.

மறுநாள் புதன். கடைகளுக்கு அரை நாள்தான். ஒரு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் பஸ் ஏறினார்கள். கொள்ளுப்பாட்டியின் சிறைப் பதிவேட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று திருமதி ஸ்டானர்ட் கேட்டிருந்தார். ரோட்னி போன வாரமே தொலைபேசியில் சொல்லி எடுத்து வைக்கச் செய்திருந்தான். பஸ்ஸிலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானம். முதல் வாக்கியத்தைக் கூட ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். ஆனால் அவர் தொப்பியைப் பற்றித் தொடங்கி, வண்டியில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் கேமராவில் நன்றாக விழும் என்பது வரை வந்து முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

காப்பகத்துப் படிப்பறையை ஆள்பவர் மிஸ்டர் குவில்ட்டர். கோட்டு, பை, பேனா எல்லாம் வெளியே பெட்டியில். உள்ளே பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஓர் ஆவணம். வேண்டியதைச் சிறிய மஞ்சள் சீட்டில் எழுதித் தந்தால் கொண்டுவருவார். பேச்சு மட்டும் கூடவே கூடாது. திருமதி ஸ்டானர்ட் காதில் செருகியிருந்த பால்பாயின்ட் பேனாவை அவர் ஒரு கத்தியைக் கைப்பற்றுவதுபோல் வாங்கிக்கொண்டார்.

பதிவேடு, பழைய புத்தகங்களைத் தாங்க மேசையில் வைத்திருந்த மெத்தைமேல் வந்து இறங்கியது. ஒரு பக்கத்துக்கு நாலு கைதிகள். திருமதி ஸ்டானர்ட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரல் படாமல் வரி வரியாகப் போனார். உயரம் நாலடி பத்தங்குலம். அவர் தன் குட்டைக் கால்களைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். தலைமுடி பழுப்பு. இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு. கல்யாணம் ஆனவள். அதற்கடுத்த கட்டத்தில் அவர் கண் நின்றது. ரோட்னியும் எட்டிப் பார்த்தான். அப்படி ஒரு கட்டம் இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது.

குழந்தைகள்: இல்லை. பிறந்ததும் இல்லை.

"அப்போ நான் யாருக்குப் பொறந்தேன்?" என்றார் திருமதி ஸ்டானர்ட். அறையில் இருந்த ஆறு பேரும் திரும்பினார்கள். மிஸ்டர் குவில்ட்டர் உதட்டில் விரலை வைத்தார்.

ரோட்னி ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து எழுதி நகர்த்தினான். "ரெண்டு கெசையா இருந்திருக்காங்க. அண்ணன் பெண்டாட்டி, தம்பி பெண்டாட்டி. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. உங்க கொள்ளுப்பாட்டி தம்பி ரூபன் பெண்டாட்டி. அப்பா பேர் இருந்த கட்டத்தை நான் பார்க்கல. தப்பு என்னுது."

அவர் படித்தார். இன்னொரு சீட்டை இழுத்தார். "எப்போ தெரியும்?"

"நேத்து."

"பஸ்ல நாப்பது நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்தே?"

இதை எழுதிய வேகத்தில் பென்சில் முனை முறிந்தது. அந்தச் சீட்டு மேசை ஓரத்தில் இருப்பதைப் பார்த்த மிஸ்டர் குவில்ட்டர், யாரோ ஆவணம் கேட்கிறார்கள் என்று நினைத்து அதை எடுத்துக்கொண்டு போனார். தன் இடத்தில் நின்று முழுதும் படித்தார். பெரிய விவரப்பட்டியலைத் திறந்து பார்த்தார். பிறகு திரும்பி வந்து குனிந்து, சீவிய முனையோடு ஒரு பென்சிலை வைத்துவிட்டு, "இந்தத் தலைப்புல எங்ககிட்ட எதுவும் இல்ல, மேடம்" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

திருமதி ஸ்டானர்ட் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கசாப்புக் கடைக்காரர் இனி உள்ளேயே இருந்துவிடுவார் என்று நினைக்கிறாரோ என்று ரோட்னி பயந்தான். சட்டைப் பையில் இருந்த முதல் வாக்கியம் இப்போது எதற்கும் உதவாது. கடைசியில் அவரே ஒரு சீட்டை எடுத்து, முறைப்படி பெயர், தேதி எல்லாம் நிரப்பி, நிதானமான எழுத்தில் கேட்டார்: ஜோனஸ் தர்லோ சாவு விசாரணையில் ரூபன் மனைவி கெசையா சொன்ன சாட்சியம், இருந்தால்.

இருந்தது. கட்டு அவிழ்ந்தபோது டாக்டரின் சாட்சியம் இரண்டு தாள், போலீஸ்காரருடையது ஒன்று. ரூபன் பெண்டாட்டியுடையது பதினொன்று.

அவளுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. ஓரகத்தி வீட்டுப் புகைபோக்கி அன்றைக்கு இரண்டு தடவை புகைந்ததை அவள் சொன்னாள். ஓரகத்தி மூன்று கொழுக்கட்டை உருட்டினாள், இரண்டு புருஷன் தட்டுக்குப் போயிற்று என்றாள். அது உனக்கு எப்படித் தெரியும் என்று விசாரணை அதிகாரி கேட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு செங்கல் தளர்ந்திருந்தது, காற்று வரட்டும் என்று எடுத்து வைத்தேன், தற்செயலாக அங்கே நின்றேன் என்றாள். எவ்வளவு நேரம் தற்செயலாக நின்றாய் என்றார் அவர். தட்டு கழுவி முடிக்கும்வரை என்றாள்.

திருமதி ஸ்டானர்ட்டின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று ரோட்னி கைக்குட்டையை எடுத்தான். அவர் அதை வாங்கி வாயில் அடைத்துக்கொண்டார். அந்த அறையில் சத்தமில்லாமல் சிரிக்க வேறு வழி இல்லை.

பத்தாவது தாளில் சிரிப்பு நின்றது. மூன்றாவது கொழுக்கட்டையை ஓரகத்தி வேலிக்கு மேலே நீட்டினாளாம், உன் பையனுக்குக் கொடு என்று. பையனுக்கு வயது நாலு, பெயர் எலைஜா. வாங்கிக்கொண்டேன், ஆனால் கொடுக்கவில்லை என்று சொல்லியிருந்தாள் ரூபன் பெண்டாட்டி. ஏன் கொடுக்கவில்லை? அவள் சமையல் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அவள் கொழுக்கட்டை கல் மாதிரி இருக்கும். துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்து, மூன்றாம் நாள் ஜோனஸ் செத்ததும் போலீஸ்காரர் கையில் கொடுத்தேன். அந்தக் கொழுக்கட்டையை அறுத்துப் பார்த்துத்தான் பாஷாணத்தைக் கண்டுபிடித்தார்கள். சாட்சியத்தின் கீழே கையெழுத்து இல்லை. எழுதத் தெரியாதவர்கள் போடுகிற ஒரு பெருக்கல் குறி.

திருமதி ஸ்டானர்ட் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தாளை இரண்டு கையாலும் எடுத்து, வந்த வரிசையிலேயே கட்டுக்குள் வைத்தார்.

வெளியே படிக்கட்டில் பேனா திரும்பக் கிடைத்த பிறகுதான் வாயைத் திறந்தார். "எங்க தாத்தா அதைத் தின்னிருந்தா நான் ஏது? நாக்கு ருசியால பொழச்ச குடும்பம் தம்பி எங்களோடது."

ரோட்னி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை, அது கொஞ்சநாள் இருக்கும் என்றார். சனிக்கிழமை வண்டியில் ஏறமாட்டேன் என்றும், வண்டிக்கு முன்னால் கையில் துணி சுற்றிய கொழுக்கட்டையோடு நடப்பேன் என்றும், கூட்டத்தில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவேன் என்றும் சொன்னார். ஊரில் இன்னொரு கெசையா இருந்ததே யாருக்கும் தெரியாது. அவள் இல்லாமல் அவர்களுடைய கொலைகாரி மாட்டியிருப்பாளா என்று எல்லோரையும் கேட்கப் போகிறாராம்.

அப்படியானால் வண்டியில் யார் என்று ரோட்னி கேட்டான்.

அவர் அவனை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். "தொப்பி உனக்குச் சரியா இருக்கும். கவுனைத்தான் இறக்கித் தைக்கணும். அதை நான் பார்த்துக்கறேன்."

"வகுப்புல நீங்க சொல்லிடறீங்களா? உங்க குடும்ப விஷயம்தானே."

"குடும்பம் என்னுது. தப்பு உன்னுது. நீயே எழுந்து நின்னு சொல்லு கண்ணு. நான் முதல் வரிசையில உக்காந்து கேக்கறேன்."

திரும்பும் பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். தூங்குவதாகக் காட்டிக்கொண்டார் என்பது ரோட்னியின் ஐயம். உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. வீட்டுக்கு வந்து, கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, தேநீர் ஆவதற்குள் எழுதினான்:

அக்டோபர் 12, புதன். சொல்லியாயிற்று, சரியாகச் சொன்னால், சிறைப் பதிவேடு எனக்கு முன்னால் சொல்லிவிட்டது. நாளை: கடைக்குப் போகும் வழியில் நூலகத்தில் வம்ச மரத்தைக் கழற்றுவது. மாலை ஏழு மணிக்கு வகுப்பில், யாரும் தேநீர் ஊற்றுவதற்கு முன், எழுந்து நின்று தவறைச் சொல்வது. பிறகு கவுனுக்கு அளவு கொடுப்பது.