முட்டைக்கு அட்டெண்டன்ஸ்

பழ ஈயின் புழு அரிசிமணி அளவுதான் இருக்கும். அதற்கும் ரத்தம் உண்டு, ரத்த அணுக்களை வளர்க்க ஒரு குட்டிச் சுரப்பியும் உண்டு. சுரப்பிக்குள் இளம் அணுக்கள் வேளை வரும்வரை முதிராமல் காத்துக் கிடக்கும். அப்படி அவற்றைப் பிடித்துவைக்கும் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆய்வகத்து டாக்டரம்மா ஆறு மாதமாகத் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தாள். அந்த மரபணுவை முடக்கிய புழுக்களில் அணுக்கள் அவசர அவசரமாக முதிர்ந்திருந்தன. போதாதா?

அதே சோதனையை வாத்தியார் செய்தபோது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டு, ஐம்பது வயதில் ஆய்வகத்துக்கு உதவியாளராக வந்தவர். அந்தப் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. ஈ இட்ட முட்டைகளைத் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து, குழாய்க்கு முப்பது என்று எண்ணிப் போடுவார். டாக்டரம்மா எண்ணியதே இல்லை. ஈக்களைக் குழாயில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். இட்டது இட்டதுதான்.

ஒருநாள் அவளுடைய குழாய் ஒன்றைக் கையில் பிடித்தபடி அவர் ஏதோ சொல்ல வந்தார்.

"என்ன வாத்தியாரே, என் முட்டைக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்க வந்துட்டீங்களா?" என்றாள். ஆய்வகமே விழுந்து விழுந்து சிரித்தது.

அதோடு விட்டாளா? இயக்குநரிடம் போய், "அவருக்குக் கை நடுங்குது சார், அதான் ரிசல்ட் வரல" என்று போட்டுக்கொடுத்தாள். அவர் கை நடுங்கி அவள் பார்த்ததே இல்லை. திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று அவருக்குக் கடிதம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை தன் பழைய குழாய்களைக் கழுவப் போடுமுன் இரண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். புழுக்கள் ஈயாகி வெளியேறியபோது விட்டுப்போன கூடுகள் கண்ணாடியில் அப்படியே ஒட்டியிருந்தன. எண்ணினாள். மரபணுவை முடக்கிய குழாயில் இருநூற்று நாற்பது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சாதாரண ஈக்களின் குழாயில் இருபத்தெட்டு.

ஒரு குழாய்த் தீனிக்கு இருநூற்று நாற்பது வாய் என்றால் பட்டினிதானே! பட்டினி கிடக்கும் புழுவில், எந்த மரபணுவையும் தொடாமலே இளம் அணுக்கள் முதிர்ந்துவிடும். இது அவளுக்குத் தெரியாததா? மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறாள். சே!

வாத்தியார் தன் தூரிகைகளைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு என் குழாயோட வந்தீங்களே, என்ன சொல்ல வந்தீங்க?"

"கூட்டம் ஜாஸ்தியா இருக்கு, புழுவெல்லாம் பசியில கெடக்குதுன்னு சொல்லலாம்னு வந்தேம்மா. எல்லாரும் சிரிச்சாங்க. சரி, நமக்கெதுக்குன்னு திரும்பிட்டேன்."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

"பைய வைங்க. என்கூட வாங்க," என்றாள்.

தேநீர் அறையில் எல்லோரும் இருந்தார்கள், இயக்குநரும் இருந்தார். குழாயை மேஜைமேல் வைத்தாள்.

"என் ரிசல்ட் தப்பு சார். அது மரபணு இல்ல, பசி. இவர் செஞ்சதுதான் சரி. இவருக்குக் கை நடுங்குதுன்னு நான் சொன்னது பொய்."

இயக்குநர் அவளையே பார்த்தார். பிறகு வாத்தியாரிடம் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டார்.

அன்று சிரித்த ஆறு பேரும் அங்கேதான் இருந்தார்கள். இன்று ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.