தோற்றவர் இறங்கும் ஆட்டம்

டிம்ப்னா தன் அப்பாவின் கன்னத்தில் மூன்றாவது முறையாகப் பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். காயம் அடங்கவில்லை. தாடையிலிருந்து காது வரை ஓடிய கத்தரிப்பூ நிறம் பவுடரைத் தாண்டி எட்டிப் பார்த்தது. கோல்மன் டார்ப்பி உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். எந்தக் கூட்டத்திலும் அவரை அமுக்கி வைக்க முடிந்ததில்லை.

"போதும் விடும்மா," என்றார் சவப்பெட்டிக்காரர் ஸ்காஹில். "வர்றவங்க பாதிப்பேர் இதைப் பார்க்கத்தான் வர்றாங்க. ஏமாத்தி அனுப்பாதே."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊர் கில்லவோகரில் அன்று காலை பால் கறக்க மறந்தவர்கள் உண்டு, டார்ப்பி வீட்டுக்கு வர மறந்தவர்கள் இல்லை. பன்றித் தொடைக்கறி வைத்த சாண்ட்விச் ஒரு கையில், தேநீர் மறு கையில். நடுவில் வரிசை மெல்ல நகர்ந்து, பெட்டியருகே நின்ற மகளிடமும் மகனிடமும் கைகுலுக்கி, "உங்க கஷ்டத்துல நாங்களும் இருக்கோம்" என்று முணுமுணுத்து, காயத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போயிற்று. எல்லோர் வாயிலும் ஒரே பெயர். ரோனன் கில்டி. பக்கத்து ஊர் டிரம்லீன்காரன், பத்தொன்பது வயது. அவன்தான் கோல்மனை அடித்துக் கொன்றான் என்று ஊர் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது.

கோல்மனுக்கு இருபது வருடமாக ஒரே பைத்தியம். எங்கள் மாவட்டத்தில் பதினாறு ஊர்க் கால்பந்து அணிகளும் முதல் பிரிவிலேயே உட்கார்ந்திருந்தன. எத்தனை தோற்றாலும் ஒருவரும் இறங்குவதில்லை. மே மாதம் ஓர் ஆட்டம் நடக்கும். பிறகு மாவட்ட அணிக்குப் போன நாலு நட்சத்திரங்கள் திரும்பி வரும்வரை மீதிப் பேர் கோடை முழுக்கக் காத்துக்கிடப்பார்கள். அடுத்த ஆட்டம் அக்டோபர் சேற்றில். காசு வாங்காமல் ஆடுகிற தச்சனும் லாரி ஓட்டுகிறவனும் கல்யாணத் தேதி குறிக்க வழியில்லாமல் திண்டாடினார்கள். சலித்துப்போனவன் பாஸ்டனுக்கு விமானம் ஏறினான். கோல்மனின் திட்டம் எளிது. மேலே எட்டு அணிகள், கீழே எட்டு. எல்லாத் தேதியும் ஜனவரியிலேயே தெரிந்துவிட வேண்டும். மேல் பிரிவில் கடைசியாக வரும் இரண்டு அணிகள் தங்களுக்குள் ஓர் ஆட்டம் ஆட வேண்டும். தோற்றவர் இறங்குவார்.

வேண்டாம் என்று கைதூக்கச் சொல்லித்தான் கில்லவோகர் கிளப் அவரை மாவட்டச் சங்கக் கூட்டத்துக்கு அனுப்பியது. அவர் வேண்டும் என்று தூக்கினார். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் திட்டம் நிறைவேறியது. முதல் வருடமே கடைசி இரண்டு இடங்களில் வந்து நின்றவை டிரம்லீனும் எங்களுடையதும். எங்கள் அணியின் தலைவன் கோல்மனின் மகன் ஃபின்டன். கிழவர் வெட்டிய குழிக்கு முதல் போணி அவர் வீட்டிலேயே என்று மளிகைக் கடையில் சிரித்தோம். எந்தக் குழி என்று அப்போது யாருக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த அந்த ஆட்டத்தில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். விசில் ஓய்வதற்குள் எங்கள் கோல்கீப்பர் டிரம்லீன்காரன் ஒருவனின் காதைக் கடித்துவிட்டான். எல்லைக்கோட்டுக்காரரின் கொடிக்கம்பு யாரோ முதுகில் இரண்டாக முறிந்தது. கீழே விழுந்தவனை மூன்று பேர் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். அவனுடைய அம்மா அந்த மூவரில் ஒருவனின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். தேவாலயத்தில் பூ அலங்காரம் செய்கிற கன்செப்டா குடையைச் சுழற்றி ஒரு பல்லை உடைத்தாள். அந்தப் பல் டிரம்லீனுடையதா எங்களுடையதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

டிம்ப்னா கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஃபின்டன் ஒரு கையால் ரோனனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து, மறு கையால் முகத்தில் குத்திக்கொண்டிருந்தான். பையன் கண்ணை மூடிக்கொண்டு கைகளைக் காற்றில் வீசினான். தொப்பியும் கோட்டுமாகச் சேற்றில் வழுக்கி வழுக்கி அப்பா வந்து, ஃபின்டனின் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுடா. தோத்தவன் இறங்கணும். இறங்கிட்டு அடுத்த வருஷம் ஏறு. அதுக்குத்தானே இவ்வளவும்."

ஃபின்டன் திரும்பினான். யார் என்று பார்த்தான். பார்த்துவிட்டு அடித்தான்.

அப்பாவின் தலை கோல்கம்பத்தில் மோதிய சத்தம் டிம்ப்னாவுக்கு மட்டும் கேட்டது. பிடி விட்டுப்போன ரோனன் கண் திறக்காமலே தடுமாறி அவர்மேல் விழுந்தான். மற்றவர்கள் திரும்பியபோது பார்த்தது அதைத்தான்: கீழே கோல்மன், மேலே டிரம்லீன் சட்டை.

இப்போது கூடத்து மூலையில் போலீஸ் சார்ஜென்ட் நான்காவது சாண்ட்விச்சோடு நின்றிருந்தார். "அடக்கம் முடியட்டும்மா. நீதான் கிட்ட இருந்தியாம். ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கிறேன். அந்தப் பையன்தானே?"

"அப்புறம் பேசலாம் சார்," என்றாள்.

அவள் பின்கட்டுக்குப் போனாள். தேநீர்க் கோப்பை கழுவுகிற சாக்கில் ஃபின்டனும் பின்னால் வந்தான். வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை. அன்று அத்தனை பேரும் அவனுக்கு இடது கையில்தான் கைகுலுக்கினார்கள். சண்டையில் அடிபட்ட கை, பாவம் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

"அக்கா, என்ன சொல்லப்போற?"

"நீ என்ன சொல்லப்போற?"

"எல்லாரும் சொல்றதைத்தான்."

"அவன் ஜெயிலுக்குப் போவான்டா. மீசைகூட ஒழுங்கா முளைக்கல."

"டிரம்லீன்காரன்தானே."

அவள் குழாயைத் திறந்தாள். அவன் இன்னும் ஏதோ சொன்னான். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் திடீரென்று பேச்சு நின்றது. நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடுவது அபூர்வம். அதனால் டிம்ப்னா கையைத் துடைக்காமலே கூடத்துக்கு ஓடினாள். வரிசை இரண்டாகப் பிரிந்திருந்தது. நடுவில் ரோனன் கில்டி வந்துகொண்டிருந்தான். அண்ணனிடம் கடன் வாங்கிய கோட்டு, ஒரு கண் முழுக்க வீங்கி மூடியிருந்தது. துணைக்கு ஆள் இல்லை.

"வந்துட்டான் பாரு, நெஞ்சழுத்தம்," என்றாள் கன்செப்டா, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. "பிணம் கிடக்கிற வீட்ல நீட்டுற கையைத் தட்ட முடியாதுன்னு தெரிஞ்சே வந்திருக்கான்."

ரோனன் பெட்டிக்குள் பார்த்தான். டிம்ப்னாவிடம் கையை நீட்டினான்.

"நான்தான் அடிச்சிருப்பேன்னு நினைக்கிறேன்க்கா. கண்ணை மூடிட்டுச் சுத்துனேன். எதுல பட்டுச்சுன்னு தெரியல. கண்ணைத் திறந்தா அவர் மேல கிடக்கிறேன்."

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்ற ஃபின்டனைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். பையன் தன் கையை மெல்ல உருவிக்கொண்டு ஃபின்டனிடம் நீட்டினான்.

நீட்டிய கை அப்படியே நின்றது. எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடந்து நாங்கள் பார்த்ததில்லை. நிலத்தைத் திருடிய அண்ணனின் கையைக்கூடப் பெட்டியருகே தம்பி பிடித்திருக்கிறான்.

"வெளியே வா," என்றான் ஃபின்டன்.

வெளியே போகும்வரைகூட அவன் பொறுக்கவில்லை. வாசற்படியிலேயே பையனின் பின்னங்கழுத்தைப் பிடித்து முற்றத்துச் சரளைக்கல்லில் தள்ளினான். எழுந்தவனை மூக்கில் குத்தினான். ரத்தம் வெள்ளைச் சட்டையில் பீறிட்டது. ரோனன் கையைத் தூக்கவே இல்லை. தரவேண்டியதைத் தருகிறவன் மாதிரி நின்று வாங்கினான். அது ஃபின்டனை இன்னும் வெறியாக்கியது. முழங்காலால் வயிற்றில் இடித்தான். குனிந்த தலையை இரண்டு கையாலும் பிடித்து, முற்றத்தில் நின்ற சவ ஊர்தியின் கதவில் மோதினான். "எங்கப்பா. எங்கப்பாடா," என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னான். எங்களில் யாரும் தடுக்கவில்லை. சிலர் நன்றாகத் தெரியட்டும் என்று மதில்மேல் ஏறினோம். சார்ஜென்ட்கூட வாயில் இருந்ததை மென்று முடிக்கலாம் என்று நின்றார்.

டிம்ப்னா படியிலிருந்து இறங்கி நடந்துபோய் நடுவில் நின்றாள். அப்பா நின்ற மாதிரியே.

ஃபின்டனின் கை ஓங்கியிருந்தது.

"அடி," என்றாள். "யாருன்னு பார்த்துட்டு அடி. அன்னிக்கு அப்பாவைப் பார்த்துட்டு அடிச்சியே, அதே மாதிரி."

அவள் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மதில்மேல் இருந்தவர்கள் வரை கேட்டது. சார்ஜென்ட் சாண்ட்விச்சை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கன்செப்டா கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

ஓங்கிய கை இறங்கிற்று. ஃபின்டன் அந்தக் கையையே பார்த்தான். "அவர்தான் நம்மளைக் கீழே இறக்கினாரு," என்றான்.

"அடக்கம் முடிஞ்சு பேசுவோம்," என்றார் சார்ஜென்ட். அவர் குரலே மாறியிருந்தது. "ஊரை விட்டு எங்கேயும் போகக்கூடாது நீ."

தேவாலய மணி அடித்தது. ஸ்காஹில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தோள் கொடுக்கிறவங்க வாங்கப்பா. உயரப்படி ஜோடி ஜோடியா," என்று கூப்பிட்டார். ஆறு பேரில் நான்கு பேர் வந்தார்கள். தலைமாட்டில் ஃபின்டனுக்கு ஜோடி எங்கள் கோல்கீப்பர். அவன் வந்தான், ஃபின்டனைப் பார்த்தான், ஷூ நாடாவைக் கட்டுவது மாதிரிக் குனிந்து அப்படியே கூட்டத்துக்குள் பின்வாங்கினான். அவ்வளவு உயரத்தில் எங்களுக்கு வேறு ஆளில்லை. இருந்தாலும் வந்திருக்க மாட்டான்.

டிம்ப்னா சவ ஊர்தியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனிடம் போனாள்.

"எழுந்திரு. உனக்கும் அவனுக்கும் உயரம் சரியா இருக்கு."

"நான் டிரம்லீன்க்கா."

"தெரியும். வா."

பெட்டி ஏறியது. ஜோடியாகத் தூக்குகிறவர்கள் வெளிக்கையால் பெட்டியைத் தாங்கி, உள்கையைப் பெட்டிக்கு அடியில் நீட்டி ஒருவன் தோளை ஒருவன் இறுக்கிக்கொள்ள வேண்டும். ரோனன் நீட்டினான். ஃபின்டன் தன் கையைத் தொங்கவிட்டே நடந்தான். வாசல் தாண்டுவதற்குள் பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது.

"கையைப் போடுப்பா," என்றார் ஸ்காஹில். "அவர் விழுந்துடுவாரு."

போட்டான்.

டிம்ப்னா பின்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் நாங்கள். ரோனனின் மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. துடைக்க அவனுக்குக் கை இல்லை. அது தாடையில் வழிந்து, அவன் தோளைப் பற்றியிருந்த விரல்கள்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அந்த விரல்கள் விலகவில்லை.