பாலக்கரை அடுப்படியில் ஓடிய கார்

பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறே முக்காலுக்கு மன்னார்புரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வழிநெடுகச் சத்தமே போடவில்லை. அதன் சத்தம் முழுவதும் பாலக்கரையில், கமருன்னிசா வீட்டு அடுப்படியில், கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டின்னுக்கும் நடுவிலிருந்து வந்தது. அன்றைக்குக் காந்தி மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் கிலோ முப்பத்தெட்டு ரூபாய். சிலிண்டர் வெடிக்கப்போகிறது என்று கதறிக்கொண்டு கமருன்னிசா இரண்டு மாடி இறங்கினாள். கீழ்வீட்டு இருதயமேரி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவள். மேலே வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இது கேஸ் இல்லை, இன்ஜின் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். மகள் சம்ரீனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோசைக் கரண்டியோடு நின்று கேட்டாள். இன்ஜினின் நாலு சிலிண்டரும் ஒழுங்காக அடித்தன. மூன்றாவது கியருக்கு மாறும்போது வரும் முனகல் அவளுக்கு மனப்பாடம். அது அவள் உயிரைக் கொடுத்து ஓட வைத்த வண்டி. அவளிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டிருந்தது.

இங்கிலாந்தில் 1953-இல் செய்த, இரண்டே பேர் உட்காரும் கார் அது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போனதை ஸ்ரீரங்கம் ரங்கநாதனின் தகப்பனார் வாங்கி நாலு வருஷம் ஓட்டினார். அப்புறம் வடக்கு உத்திர வீதி வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் அது நாற்பத்தோரு வருஷம் நின்றது. தரைத்தகடு முழுக்க அரித்துப்போய், சீட்டில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே மண் தெரிந்தது. ரங்கநாதனின் தம்பி மகன் மாதவனும் சம்ரீனும் ஒரே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தார்கள். பன்னிரண்டாவது முடித்து நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்ந்ததால் கடைசி இரண்டு ரிஜிஸ்டர் நம்பரும் இவர்களுடையவை. ப்ராஜெக்ட்டுக்கு நம்பர் வரிசையில்தான் ஆள் பிரிப்பார்கள் என்பதால் இருவரும் ஒரு குழுவானார்கள். மற்றவர்கள் தேங்காய் உரிக்கும் மெஷின் செய்ய, இவர்கள் துருப்பிடித்த காரை லாரியில் ஏற்றிவந்து மன்னார்புரத்தில் பாலிடெக்னிக்கின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் இறக்கினார்கள்.

எட்டு மாதம். பெயின்ட், சீட்டுத் தோல், போட்டோ, ரிப்போர்ட், வாத்தியார்களிடம் பேசுவது எல்லாம் மாதவன். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் சம்ரீன். வாய் அவன் பொறுப்பு, காது அவள் பொறுப்பு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, எந்த வால்வு தட்டுகிறது, எந்த பேரிங் தேய்கிறது என்று கண்ணை மூடிக் கேட்பாள். காதோரம் கறுப்பாகத் தழும்பே விழுந்துவிட்டது. வைவா பரீட்சை முடிந்த அன்று மாதவன் பானெட்டில் கை வைத்து, "காவேரிப் பாலத்துல முதல் ஓட்டம் நீதான் ஓட்டணும் சம்ரீன். பெருமாள் மேல ஆணையாச் சொல்றேன்" என்றான். யாரும் கேட்டு வாங்காத சத்தியம் அது.

அன்று காலை அவள் ஆட்டோ பிடித்து மன்னார்புரம் போனபோது கொட்டகை காலி. சக்கரங்கள் ஏறி நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் நாலு தரையில் கிடந்தன. போனில் அவனுடைய மெசேஜ் இருந்தது: பெரியப்பா நல்ல நேரம் பார்த்துவிட்டார், சொல்ல நேரமில்லை, சாரி. நல்ல நேரம் பார்க்க நேரமிருந்தது, எலுமிச்சம்பழம் வாங்க நேரமிருந்தது, ஒரு போன் போட நேரமில்லை! திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண்மணி ஏதாவது சாவு வீடா என்று கேட்கும் அளவுக்கு அழுதாள்.

சத்தம் நிற்கவில்லை. கார் ஓடும்போதெல்லாம் அடுப்படியில் ஓடியது. கேஸ் கம்பெனிக்காரர் டியூப்பை மாற்றினார். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதி ஊதிப் பார்த்துவிட்டு, ஜின் எதுவும் இல்லை, வண்டிதான் என்றார். சவுதி தம்மாமில் மெக்கானிக்காக இருக்கும் சம்ரீனின் அத்தா ஜெகபர் சாதிக் போனிலேயே கேட்டுவிட்டு, கிளட்ச்சை இப்படி மிதிக்கிற மடையன் யாரும்மா என்று கேட்டார். எட்டு மாதமாக ஸ்க்ரூடிரைவர் வழியாக அவள் காதுக்கே போய்ப் பழகிய சத்தத்துக்கு வேறு வழி தெரியவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் இந்த விஷயத்தில் ஊர் சொன்னது சரி என்றே தோன்றுகிறது.

ஸ்ரீரங்கத்தில் ஹாரனும் கேட்கவில்லை. மாதவன் ஹாரனை அழுத்தினால் பாலக்கரையில் பால் சட்டி நடுங்கியது. உத்திர வீதியில் அவன் தலையை வெளியே நீட்டி, வழி விடுங்கோ என்று கத்த வேண்டியிருந்தது. பூக்காரி அம்மாசி இரண்டு முறை கூடையோடு துள்ளி விழுந்தாள். சத்தமில்லாமல் ஓட பேட்டரி மாட்டிவிட்டான், கெட்டிக்காரப் பிள்ளை என்று ஊர் மெச்சியது. நோகாமல் நொங்கு தின்பவன் வேண்டாம் என்றா சொல்வான்? அவனும் தலையாட்டினான்.

சித்திரையில் காருக்குள் பேசுவதும் அடுப்படியில் கேட்க ஆரம்பித்தது. பழைய கார்களைப் புதுப்பிக்க சென்னையில் பெரிய ஷெட் போடும் பணக்காரர் ஒருவர் வண்டியைப் பார்க்க வந்து, மாதவனோடு ஒரு சுற்று போனார். செய்தவரையே வேலைக்கு எடுப்பதாக ஏற்பாடு. படித்த நாளிலிருந்து சம்ரீன் வேண்டிக்கொண்டது அப்படி ஒரு வேலையைத்தான்.

"இன்ஜினைத் தொட்டது யாருப்பா?" என்றது ஒரு கனமான குரல்.

"எல்லாம் நான்தான் சார்."

"ரிப்போர்ட்ல ஒரு பொண்ணு பேரு இருக்கே?"

"அது சும்மா சார். மார்க்குக்காகச் சேர்த்தது."

கமருன்னிசா மாவு பிசைந்த கையோடு மகளைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட சம்ரீனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. கூடவே இருந்து குழி பறித்திருக்கிறான், அதுவும் அவளுடைய அடுப்படியில் நின்றுகொண்டே. மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வைகாசியில் வண்டியின் பின்பக்கத்தில் இரும்பு இரும்போடு உரசுவது கேட்டது. மாதவன் ஹேண்ட் பிரேக்கை முழுதாக விடாமலே இத்தனை நாள் ஓட்டியிருந்தான். பிரேக் லைனிங் தேய்ந்து தீர்ந்துவிட்டது. காது உள்ளவன் எவனும் இறங்கிப் பார்த்திருப்பான். அவனுக்குத்தான் வண்டி ஊமை. திங்கட்கிழமை சென்னை சார் திருச்சி வருகிறார், அவரை ஏற்றிக்கொண்டு இதே வண்டியில் போய் வேலையில் சேரப்போகிறேன் என்று அவன் யாரிடமோ சொல்வதும் கேட்டது. இரண்டு நாள் சம்ரீன் வாய் திறக்கவில்லை. போகட்டும், பட்டால் தெரியட்டும் என்று மனசு சொன்னது. அப்படிச் சொன்னதற்காக அவள் தன்னையே வெறுத்தாள். சனிக்கிழமை போன் போட்டாள்.

அவன் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். கமருன்னிசா, வாங்க தம்பி என்றாள், டீ கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பெரியப்பாவுக்குப் போன் செய்து வண்டியை ஸ்டார்ட் பண்ணி வீதியில் உருட்டச் சொன்னான். அரிசி டின் பக்கத்தில் இன்ஜின் உறுமியது, இரும்பு உரசியது. மாதவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அன்னைக்கு நான் சார்கிட்ட பேசினதும்…" என்று இழுத்தான்.

"கேட்டுச்சு" என்றாள் சம்ரீன்.

எந்தச் சக்கரம், எந்தக் கடையில் லைனிங் ஒட்டுவார்கள், ஹேண்ட் பிரேக் கேபிளை எத்தனை சுற்று தளர்த்த வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதியே கொடுத்தாள். அவன் அழுதான். கிளம்பும்போதுதான் அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். நாளைக்கு அந்த சாரை வண்டியில உக்கார வச்சுக்கிட்டு, யார் செஞ்சதுன்னு சொல்லிடு. வேலை உனக்கே இருக்கட்டும். என் பேரு அவருக்குத் தெரியணும்."

அவன் இரண்டு கையையும் கூப்பி, கட்டாயம் சொல்கிறேன் என்றான்.

திங்கட்கிழமை காலை கமருன்னிசா சுபுஹு தொழுதுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, இன்ஜின் கிளம்பியது. பிரேக் சுத்தமாகப் பிடித்தது. பாலம் ஏறும்போது மாதவன் தொண்டையைச் செருமினான்.

"சார், ஒரு உண்மையைச் சொல்லணும். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் செஞ்சது சம்ரீன்தான் சார். நான் பெயின்ட் மட்டும்தான்." கொஞ்சம் நிறுத்தினான். "ஆமா சார். அந்தப் பொண்ணுதான் சார். ரொம்பக் கெட்டிக்காரி சார்."

கமருன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ், சொல்லிட்டானே என்று மகளின் தலையைத் தடவினாள்.

"ஒரு கதவுதாம்மா சாத்துச்சு" என்றாள் சம்ரீன். "பக்கத்து சீட்ல ஆளே இல்ல. நான் கேப்பேன்னு தெரிஞ்சு, எனக்குக் கேக்கறதுக்காகச் சொல்றான்."

கால் மணி நேரத்தில் வண்டி ஏதோ ஓட்டல் வாசலில் நின்றது. இன்னொரு கதவு திறந்து மூடியது. கனமான குரல் காலை வணக்கம் சொன்னது. பெரம்பலூர் தாண்டி, விழுப்புரம் தாண்டி, தாம்பரம் வரை வெயிலைப் பற்றியும் டோல்கேட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார்கள். சம்ரீன் ஆறு மணி நேரமும் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். அவள் பேர் வரவே இல்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகிறது. சம்ரீன் துவாக்குடியில் பம்ப் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கார் சென்னையில் ஓடினாலும் சத்தம் பாலக்கரையைவிட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டு மிக்சி மாதிரி அந்த வீட்டுக்குப் பழகிவிட்டது. இருதயமேரி படியில் பார்த்தால், இன்னைக்கு எங்க போறான் என்று கேட்பாள். கிண்டி, அடையாறு என்று கமருன்னிசா சொல்லுவாள். போன ரம்ஜானுக்கு வந்திருந்த, சம்ரீனுக்குச் சித்தி முறையான சாச்சி ரிஃபானாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, அந்தச் சனியனை அணைச்சுத் தொலைங்களேன்டி என்றாள்.

"அதோட சாவி நம்மகிட்ட இல்ல சாச்சி" என்று சொல்லிவிட்டு, சம்ரீன் அடுப்படிக் கதவைச் சாத்தி வந்து டீயை ஆற்றிக் கொடுத்தாள்.