நூற்று நாற்பத்தைந்தில் ஒரு வாசம்

பத்தொன்பது மாதமாக ராயப்பராஜ் ஒரு சொட்டு தொட்டதில்லை. மாதா கோயிலில் முழங்காலில் நின்று, மனைவி செபாஸ்தியம்மாள் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் அது. அப்படிப்பட்ட மனுஷனுக்கு வேலை செய்யும் இடத்தில், பட்டப்பகலில், சாராய வாசம் அடித்தால் என்னதான் செய்வார், பாவம்?

தாடிக்கொம்பு ரோட்டில் இருக்கும் அவர் கம்பெனியில் ரைஸ் மில்லுக்கு ரப்பர் உருளை செய்கிறார்கள். இரண்டு உருளைக்கு நடுவே நெல் புகுந்தால் உமி கழன்று அரிசி வரும். டயருக்குப் போடுகிற கரியை இதில் போட்டால் அரிசியெல்லாம் கறுத்துப்போகும் என்று சிலிக்கா என்ற வெள்ளைப் பொடியைப் போடுவார்கள். ரப்பரையும் பொடியையும் மெஷினில் பிசைந்து இறக்குவது ராயப்பராஜ் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் சிலேன் என்று ஒரு திரவத்தையும் சேர்க்கச் சொன்னார்கள். மெஷினின் சூடு காட்டும் முள் 145க்கு வந்த பிறகு ஐந்து நிமிடம் வைத்துத்தான் இறக்க வேண்டும் என்று தாளில் எழுதி ஒட்டினார்கள். ராயப்பராஜ் எழுதியதை எழுதியபடி செய்கிற ஆள்.

முள் 145ஐ நெருங்கும்போதுதான் அந்த வாசம் கிளம்பும். ரப்பர் நாற்றத்துக்கு நடுவே சன்னமாக, நல்ல சரக்கைத் திறந்த மாதிரி. பக்கத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்படியானால் வாசம் மெஷினில் இல்லை, தன் மண்டைக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். விட்ட சனியன் திரும்பி வருகிறது என்று பயந்து, யாரிடமும் மூச்சு விடவில்லை. வாசத்தை மறைக்கக் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டார். குடிகாரன் செய்கிற வேலையைக் குடிக்காத மனுஷன் செய்தால் ஊர் என்ன நினைக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சூப்பர்வைசர் கண்ணனுக்குத் தோன்றியது. அவனுக்கு ஏற்கெனவே இவர்மேல் கடுப்பு. மத்தியான ஷிப்டில் பிரபு பதினான்கு கலவை இறக்குகிறான், இவர் பத்தோடு நிற்கிறார். செவ்வாய்க்கிழமை காலை மெஷின் பக்கம் வந்தவன் மூக்கை உறிஞ்சினான்.

"யோவ், ஊது."

ஊதினார். கிராம்பு மணத்தது.

"கிராம்பு மென்னா கண்டுபுடிக்க மாட்டோமா? சாராய நாத்தம் இங்கன வரைக்கும் அடிக்குதுய்யா."

முதலாளி மன்சூர் அறைக்கு இழுத்துப் போனான். மன்சூர் நல்ல மனுஷர், ஆனால் சூடான மெஷின் முன்னால் குடித்தவனை நிறுத்துகிற முதலாளி அல்ல.

"நாளையில இருந்து வர வேணாம் ராயப்பா. நீயும் எம்புட்டோ சத்தியம் பண்ணின."

"குடிகாரன் பேச்சு, விடிஞ்சாப் போச்சு" என்றான் கண்ணன்.

ராயப்பராஜ் அதைக் காதில் வாங்கவே இல்லை. வேலை போகிறதே என்று கலங்க வேண்டிய மனுஷன் முகமெல்லாம் மலரக் கண்ணன் பக்கம் திரும்பினார்.

"சார், ஒங்களுக்கும் அந்த வாசம் அடிச்சுச்சா?"

"ஏன், எனக்கு மூக்கு இல்லையா?"

"ரெண்டு மாசமா எனக்கு மட்டுந்தான் அடிக்குதுன்னு செத்துக்கிட்டு இருந்தேன் சார்." அவருக்குக் கண்ணீர் முட்டியது. புத்தி பேதலிக்கவில்லை, சனியன் திரும்பவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு எங்கிருந்தோ தைரியமும் வந்தது. "மொதலாளி, நான் வெளிய போயி கேட் பக்கத்துல நிக்கிறேன். ஒரு கலவையக் கண்ணன் சாரே போடட்டும். தாள்ல உள்ளபடி போடட்டும். அப்புறம் என்னைய அனுப்புங்க."

முதலாளியும் லேப் பவித்ராவும் பார்த்துக்கொண்டு நிற்க, கண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கலவையைப் போட்டான். முள் நூறு, நூற்றுப் பத்து என்று ஏறியது. நூற்றுப் பத்தில் அவன் கை பழக்கதோஷத்தில் இறக்கும் பொத்தானுக்குப் போய், முதலாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. 145 வந்தது. மன்சூர் கண்ணன் தோள்பக்கம் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்ன கண்ணன், காலையிலேயேவா?"

கண்ணன் தன் சட்டையையே மோந்து பார்த்தான். பவித்ரா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிலிக்காவும் ரப்பரும் தன்னால ஒட்டாது சார். சிலேன்தான் ரெண்டையும் ரெண்டு கையில புடிச்சுச் சேத்துவைக்கும். நல்லாச் சூடு ஏறுனாத்தான் அது சிலிக்காவைப் புடிக்கும். புடிக்கிறப்ப ஆல்கஹால் கழண்டு ஆவியாப் போகும். பரீட்சைக்குப் படிச்சேன், இங்க மோந்து பாக்கத் தோணல."

"அப்ப வாசமே வரலேன்னா?"

"ஒட்டலேன்னு அர்த்தம் சார். கையில அழுத்திப் பாத்தா கெட்டியாத்தான் இருக்கும். நெல்லு ஒரசுனா சீக்கிரம் தேஞ்சுரும்."

மன்சூர் திரும்பி வாசலைப் பார்த்தார். குஜிலியம்பாறை மில்லில் பத்து நாள் ஓட வேண்டிய உருளைகள், நான்கே நாளில் தேய்ந்து திரும்பி வந்து அங்கே கிடந்தன. ஏழு உருளை. கெட்டித்தன்மை சரியாக இருந்ததால் என்ன கோளாறு என்று யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. எந்த ஷிப்ட் கலவை என்று காட்டும் முத்திரை எண்ணை ஒவ்வொரு உருளையிலும் பார்த்தார்கள். ஏழும் மத்தியான ஷிப்ட். ராயப்பராஜ் இறக்கிய கலவையில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

பிரபுவை வரச்சொல்லிக் கேட்டார்கள். "நூத்திப் பத்துலயே எறக்கிரு, எண்ணிக்கை கூடும்னு கண்ணன் சார்தான் சொன்னாரு" என்று அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

கேட்டருகே வெயிலில் நின்றவரை மன்சூரே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

அன்று சாயங்காலம் ராயப்பராஜ் கிராம்பு மெல்லாமல் வீட்டுக்குப் போய், செபாஸ்தியம்மாளிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் அவருடைய சட்டையை எடுத்து மோந்து பார்த்து, "அடப் பாவி மனுசா, ரெண்டு மாசமா எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது அந்தக் கம்பெனியில் புதுச் சட்டம். ராயப்பராஜ் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்தக் கலவையும் மெஷினை விட்டு இறங்கக்கூடாது. ஒரு காலத்தில் சாராயக்கடை இருக்கும் திசையைக் கண்டுபிடித்த அதே மூக்குதான். மறுநாள் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கண்ணன் வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"அண்ணே, முள்ளு 145 வந்துருச்சு. செத்த வந்து மோந்து பாருங்க."

ராயப்பராஜ் டீயை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்தார். மெஷின் பக்கம் போய்க் கண்ணை மூடி நிதானமாக மூச்சை இழுத்தார்.

"இன்னும் ரெண்டு நிமிசம் போகட்டும் சார்."

கண்ணன் காத்து நின்றான்.