மயிரிழை அளவு பச்சை

வரைபட அலுவலகத்தில் வண்ணம் தீட்டும் பெண்ணின் வீட்டில், சமையலறைக்குள் மட்டும் பதினோரு வருடம் மழை பெய்தது. கூடத்தில் ஒரு சொட்டு விழவில்லை, மாடிப்படியிலும் விழவில்லை. ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி என்றுதான் அவள் சமைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் குழாய் உடைந்திருக்கும் என்றார்கள், பிறகு கூரை சரியில்லை என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் எதுவும் பழகிவிட்டால் ஊர் வாய் தானாகவே மூடிக்கொள்ளும். மூன்றாம் வருடத்தில் அவர்கள் அவளிடம் கறிவேப்பிலை கேட்பதைப்போல மழைத்தண்ணீர் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அது காட்டு மழை. அந்த வீட்டுக்குக் காடு புதிதல்ல. அவள் கணவன் காடு அளப்பவன். தோளில் இரும்புச் சங்கிலியும் பையில் குறிப்பேடுமாகப் புறப்பட்டுப் போய், அந்தப் பெரிய தேசத்தின் காடுகளை வகை வகையாக அளந்து வருவான். அவன் திரும்பி வரும்போது அளந்த காடும் கூடவே வந்துவிடும். முட்காட்டை அளந்து வந்த வருடம் கூடத்துத் தரை வெடித்து, நாற்காலிக் கால்களைச் சுற்றி முட்புதர் முளைத்தது. வந்தவர்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இலையுதிர்க் காட்டை அளந்து வந்தான், படுக்கையறையில் வருடத்துக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்குச் சருகு கொட்டியது. கடலோரத்துச் சதுப்புக் காட்டுக்குப் பிறகு குளியலறையில் தினம் இரண்டு வேளை உப்புத்தண்ணீர் ஏறி இறங்கியது, சோப்புப் பெட்டியில் நண்டு குடியிருந்தது. ஊசியிலைக் காடு பரண்மேல் ஏறிக்கொண்டது; கம்பளி எடுக்கப் பரணில் ஏறினால் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் இறங்க வேண்டும். அவள் திட்டிக்கொண்டே கூட்டினாள். திட்டு வாயோடு சரி.

மிச்சமிருந்தது பசுமைமாறாக் காடு, வருடம் முழுக்க இலை உதிராமல் எட்டு மாதம் மழையில் நிற்கிற பெருங்காடு. மகளுக்கு மூன்று வயதானபோது அதை அளக்க அவன் கிளம்பினான்.

"இதை எங்கங்க வைக்கிறது? சமையல்கட்டு ஒண்ணுதான் காலியா இருக்கு" என்றாள் அவள்.

"அங்கயே இருந்துட்டுப் போகட்டும். நீ வெங்காயம் வதக்கு, அந்த வாசனையப் பிடிச்சே நான் வந்து சேந்துடுவேன்" என்றான் அவன். சொன்னதில் பொய்யில்லை. வெங்காயம் வதங்கும் வாசனை தெருமுனையில் தட்டினாலே நடையை எட்டிப் போடுகிற ஆள் அவன்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் சமையலறையில் மழை தொடங்கியது. அலமாரிக்குப் பின்னால் மரங்கள் எழும்பின, அம்மிக்கு அப்பால் இருட்டு அடர்ந்து ஆழமாகப் போனது. காடு வந்துவிட்டது, அவன் வரவில்லை. அவள் வாசலுக்கும் சமையலறைக்குமாக அன்று முழுக்க நடந்தாள். மாலையில் காட்டின் உள்ளே, வெகுதூரத்தில், ஈரத்தரையில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் அடுப்பின் முன் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்து வெங்காயம் நறுக்கினாள்.

அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. அளக்கப் போனவர் திரும்பி வந்து குறிப்பேட்டில் கையெழுத்திடும்வரை அந்த இடத்தின் நிறத்தை மாற்றக்கூடாது. ஆகவே ஒவ்வொரு வருடமும் புதுப் பதிப்புக்கு வரைபடம் அவள் மேசைக்கு வந்தபோது, அந்தக் காட்டுக்கு அவள் பழைய கரும்பச்சையையே தீட்டினாள். வண்ணம் தீட்டுபவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு: நிறத்தை எல்லைக்கோட்டோடு நிறுத்தினால் இடையில் வெள்ளை பல்லிளிக்கும் என்று, தூரிகையை ஒரு மயிரிழை வெளியே தள்ளி முடிப்பார்கள். அடுத்த வருடக் கோடு அந்த ஓரத்தைப் பார்த்துப் போடப்படும். அப்படியே தேசத்தில் எல்லா நிறமும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. அந்த மயிரிழை தரையில் எத்தனை மைல் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

மேலதிகாரியை எல்லோரும் முத்திரைக்காரர் என்பார்கள். அவரிடம் முத்திரை இருந்தது, வேறெதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஐந்தாம் வருடம் அவர் அவள் மேசைக்கே வந்து நின்றார்.

"அங்க காடே இல்லம்மா. வெட்டி எடுத்துட்டுப் போய் நாலு வருஷமாச்சு. மொட்டைத் தரை. மஞ்சள் அடிங்க."

"மொட்டையா இருந்தா என்ன சார்? அவரு உள்ள இருக்காரே."

"இல்லாத காட்டுக்குள்ள எப்படிம்மா இருப்பாரு?"

"வீட்டுக்கு வந்து கேட்டுப் பாருங்க."

அவர் வந்தார். குடைக்குக் கீழே நின்று, காப்பி குடித்து, சங்கிலிச் சத்தத்தையும் கேட்டார். அதன்பிறகு ஆறு வருடம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

சத்தம் எப்போதும் ஒரே தூரத்தில் இருக்கவில்லை. மாதங்கள் போகப் போக அது நெருங்கி வரும். புதுப் பதிப்பு நாள் வரும் சமயத்தில் அம்மிக்குப் பக்கத்திலேயே கேட்கும், ஒரு முறை அவன் இருமுவதுகூடக் கேட்டது. அவள் தட்டு எடுத்து வைப்பாள். பிறகு ஏனோ அது மறுபடி தூரமாகிவிடும். காட்டு வேலை அப்படித்தான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வாள்.

பதினோராம் வருடம் மகளுக்கு இருமல் பிடித்தது. சுவரில் பூத்த பூஞ்சை நெஞ்சுக்குள்ளும் பூத்துவிட்டது என்றார் மருத்துவர். "வீட்டுல ஈரம் ஜாஸ்தி. இன்னொரு மழைக்காலம் இந்தப் பொண்ணு தாங்காது" என்றார். வேறு வீடு போகலாம்தான். போனால், வாசனையைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் யார் வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேருவான்? ஒரு பக்கம் இருமல், ஒரு பக்கம் சங்கிலி. ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் பெற்ற வயிறுதான் ஜெயித்தது. வரைபடத்தில் பச்சை போனால் வீட்டில் மழையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். முத்திரைக்காரர் ஒரு தாளை நீட்டினார். அளக்கப் போனவர் காணாமல் போனதாக மனைவி கையெழுத்திட்டால் விதிக்கு அது போதும். அவள் கையெழுத்திட்டாள். அன்று பிற்பகல், பதிப்பு நாளுக்கு முந்தின நாள், அந்தக் காடு முழுவதையும் மஞ்சளாக்கினாள். கை நடுங்கவில்லை என்று சக ஊழியர்கள் பிற்பாடு குறையாகச் சொன்னார்கள்.

வீடு திரும்பியபோது சமையலறை உலர்ந்து கிடந்தது. மகள் வாசற்படியில், துருப்பிடித்த சங்கிலியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெங்காயம் வதக்கிட்டு இருந்தேம்மா. சங்கிலிச் சத்தம் அடுப்புகிட்டயே வந்துச்சு. யாரோ வேகமா வந்தமாதிரி இருந்துச்சு. அப்பான்னு கூப்பிட்டேன். அப்படியே நின்னுடுச்சு." மகள் அவன் குறிப்பேட்டை நீட்டினாள். "தரையில இது கிடந்துச்சு."

அவள் நின்றபடியே படித்தாள். அளவுகளுக்கு நடுவே ஒவ்வொரு வருடமும், புதுப் பதிப்புக்கு முந்தின நாளில், ஒரே மாதிரி எழுதியிருந்தது: 'ஓரம் தெரிகிறது. வெங்காயம் வதங்கும் வாசனை வருகிறது. நாளை வீடு.' அதற்கு மறுநாள்: 'எல்லை நான் நினைத்ததைவிடத் தள்ளி இருக்கிறது. இன்னும் ஒரு வருட வேலை. பரவாயில்லை.' பத்து முறை இப்படி இருந்தது. கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி: 'ஓரம் தெரிகிறது. இந்த முறை குழந்தை குரல்கூடக் கேட்கிறது.' அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

மயிரிழை தரையில் எவ்வளவு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வருடா வருடம் அவன் வாசலுக்கு வந்து நிற்பான், வருடா வருடம் அவளே வாசலைத் தள்ளி வைத்திருக்கிறாள். அவனைத் தொலைத்தது காடு அல்ல, தன் கைதான் என்பதை அவள் மகளிடம் அன்றே சொன்னாள். மறைத்து வைத்துப் பழக்கமில்லை. மகள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அச்சுக்குப் போகுமுன் அவள் இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்து, அந்த மஞ்சளின் நடுவில் கடுகளவு வட்டம் போட்டுக் கரும்பச்சையால் நிரப்பினாள். கோட்டை மயிரிழைகூடத் தாண்டவில்லை. சுற்றிலும் வெள்ளை பல்லிளித்தது. முத்திரைக்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், முத்திரை குத்தினார். இன்றும் எல்லாப் பதிப்பிலும் அந்தப் புள்ளி இருக்கிறது. அது என்ன காடு என்று பிள்ளைகள் கேட்டால், பசுமைமாறாக் காடு என்று பாடம் நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள்.

மகளின் இருமல் நின்றுவிட்டது. சங்கிலிச் சத்தம் பிறகு கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டளவு இடத்தில் மட்டும் இன்னமும் தூறுகிறது. அதன் கீழே ஒரு குண்டானை வைத்திருக்கிறார்கள். வெங்காயம் வதக்கும்போது கொஞ்சம் பலமாகப் பெய்யும்.