முதுகு காட்டி நின்ற தாய்

கல்லூரிக் கருத்தரங்கில் அன்று மாணவர் கூட்டத்துக்கு முன்னால் ஆய்வாளர்களையும் நாடகக்காரர்களையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். கட்டுரை வாசித்த பேராசிரியைக்கு எதிரிலேயே இயக்குநரும், அவர் தங்கையான நடிகையும். கட்டுரையே அவர்கள் பல வருடங்களாக மேடையேற்றி வரும் நாடகத்தைப் பற்றியதுதான்; அதில் தாயாக நடிப்பவள் தங்கை.

"கடைசிக் காட்சியில் மகனை வழியனுப்பும் தாய் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அவள் துயரத்துக்கு முகமே தரப்படவில்லை. இது இயக்குநர் அவளுக்குச் செய்த அநியாயம்" என்று வாசித்தார் பேராசிரியை.

இயக்குநரின் முகம் சுண்டிப்போனது. "மேடம், அது அப்படியில்ல..." என்று ஆரம்பித்தவரைத் தங்கை கையமர்த்தினாள்.

"நான் சொல்றேண்ணா. ஒத்திகை நடந்துக்கிட்டிருந்தப்பதான் என் வீட்டுக்காரர் தவறிட்டார். அந்த இடம் வந்தா எனக்கு வசனம் வராது, அழுகைதான் வரும். 'திரும்பி நின்னுக்கோம்மா, யாருக்கும் தெரியாது'ன்னு அண்ணன்தான் சொன்னார். அதனாலதான் மேடையில நிக்கவே முடிஞ்சுது."

பேராசிரியை கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தார். "மன்னிச்சிடுங்க. எனக்கு இது தெரியாது."

"மன்னிப்பு எதுக்கு? பார்த்ததைத்தானே எழுதினீங்க. நீங்க வாசிக்கறப்பதான் எனக்கே உறைச்சுது. நான் தேறி எவ்வளவோ காலமாச்சு. இன்னும் திரும்பித்தான் நிக்கறேன்." அண்ணனைப் பார்த்தாள். "நீ ஏண்ணா மாத்தலை?"

"நீ கேக்கலையேம்மா."

"நீயும்தான் கேக்கலை."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் எழுந்து மேசைக்கு முன்னால் வந்தாள். மகனின் வசனத்தைச் சொல்லிக்கொடுத்து, அதைப் பேசும்படி பேராசிரியையைக் கேட்டாள். அவர் செய்தி வாசிப்பதுபோல் ஒப்பித்ததில் பின்வரிசை மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே கூட்டத்தை நேராகப் பார்த்து, "போயிட்டு வாப்பா, கதவைச் சாத்திக்கறேன்" என்றாள். குரல் உடையவில்லை. சிரித்தவர்கள்தான் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இனிமே இப்படியே நில்லு."

தேநீர் இடைவேளையில் பேராசிரியை தயங்கித் தயங்கி அவரிடம் வந்தார். "சார், அந்த வசனத்துக்கு முன்னாடி வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினா..."

"பேசாம ஒத்திகைக்கே வந்துடுங்க மேடம்!"

அதில் பாதி கிண்டல், பாதி நிஜம். நிஜத்தை மட்டும் எடுத்துக்கொண்ட பேராசிரியை, ஒத்திகை எப்போது என்று கேட்டார்.